யாருடைய வயல்?



இந்த வாரச் சிந்தனையை எழுத நான் நெடுநாள் தயங்கினேன். இதில் வருகிற தவறு என்னுடையது என்பதே காரணம். இதிலுள்ள சகோதரியிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்கய்யா, நாலு பேருக்கு உதவும். எம் பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன்.

இந்தச் சபைக்கு வருவதற்கு முன்பு நான் வானம் பார்த்த பூமியிலுள்ள ஒரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஆண்கள் பனையேறுவார்கள், பெண்கள் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். அந்தச் சகோதரியின் கணவர் பனையிலிருந்து விழுந்து மரித்துப்போனார். இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் குருமனைக்கு வந்து, மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை புறப்பட வேண்டும் என்றும், பயணத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் கேட்டார். மாதச் சம்பளம் 25 ஆயிரம் என்றார். விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தாராம். நான் மெய்யாகவே மகிழ்ந்தேன். கர்த்தர் கதவைத் திறந்தார் என்று சொன்னேன்.

ஜெபத்துக்கு முழங்கால்படியிடுவதற்கு முன்பு அவர் ஒரு கேள்வி கேட்டார். "அய்யா, ஏர்போட்ல கேட்டா துபாய்ல இருக்குற அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லணுமாம். அது பொய்தானய்யா? சொல்லலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த பதிலை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை. "பிள்ளைகளுக்காகத்தானே போகிறீர்கள். கர்த்தர் உங்கள் இருதயத்தை அறிவார். பயப்படாமல் போங்கள்" என்றேன். பிறகு தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். அவர் ஒரு கவரில் 100 ரூபாய் வைத்துக் காணிக்கையாகக் கொடுத்தார். அதற்கு ரசீது எழுதிக் கொடுத்தேன். 100 ரூபாய்க்கு ரசீது எண், தேதி, கையொப்பம் எல்லாம் இருந்தது. ஆனால், கடல் கடந்து போகிற அந்த ஆத்துமாவைக் குறித்து நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அனுப்புகிறவர் யார், போய்ச் சேரும் வீடு யாருடையது, விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பொய்யை ஏன் சொல்லச் சொன்னார்கள் என்பதைப் பின்னால்தான் அறிந்துகொண்டேன். நீங்களும் அதை அறிய வேண்டும்.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். என்ற வகைப் பாஸ்போர்ட்தான் கொடுக்கப்படும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. வேலை கொடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். இந்த வகையில் போகிற பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016-லிருந்து இவர்களைத் தனியார் ஏஜெண்டுகள் அனுப்பக்கூடாது. அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978-லிருந்து இயங்கிவரும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதற்கானது. இவ்வளவு கெடுபிடி இருப்பதனாலேயே ஏழைப் பெண்கள் குறுக்கு வழியைத் தேடுகிறார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் அந்த வாசலில் நிற்கிற காவலாளி அவளைக் காக்கவே நிற்கிறான்.

பார்வையாளர் விசாவில் "அக்கா வீட்டுக்கு" என்று சொல்லிப் போகிறவள் அந்தக் காவலாளியைத் தாண்டிப் போய்விடுகிறாள். அதன் பிறகு, வேலைக்குப் போனவள் என்று அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஒப்பந்தம் இராது. 275 ரூபாய்க்கு இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் இராது. அவளுக்கு என்ன நேர்ந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவள் அக்காவைப் பார்க்கப் போனவள்.

துபாயில் இறங்கிய சகோதரியை அன்றிரவே காரில் ஏற்றி எல்லை கடத்தி ஓமானுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டு எஜமானி முதல் காரியமாகப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். மறுநாள் கைப்பேசியும் போயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் நடுராத்திரிவரை வேலை. தன் வீட்டு வேலை முடிந்ததும் எஜமானியின் தாயார் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு மாதம் சம்பளம் வந்தது, பிறகு நின்றுபோயிற்று. ஊருக்குப் போகிறேன் என்று அழுதபோது, "உனக்காக ஏஜெண்டுக்கு இவ்வளவு ரியால் கொடுத்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ" என்றார்களாம்.

ஒரு பைசா வேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னதன் பொருள் அதுதான். இந்தப் பக்கம் வாங்காததை அந்தப் பக்கம் வாங்கியிருந்தார். பணம் கொடுத்தவர், ஆளையே விலைக்கு வாங்கியதாக எண்ணிக்கொண்டார். இலவசம் என்று வருகிற விசாவைப் பார்த்து நாம் ஸ்தோத்திரம் சொல்லுவதற்கு முன்பு, அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வெளியே ஓடிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நாடுகளில் வேலையாளின் தங்கும் உரிமை, கஃபீல் எனப்படும் பொறுப்பாளரோடு கட்டப்பட்டிருக்கிறது. பொறுப்பாளருடைய சம்மதமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினால், ஓடிப்போனவள் என்று அவர் புகார் எழுதிக் கொடுக்கலாம். அப்போது துன்பப்பட்டவளே குற்றவாளியாகிவிடுவாள். ஆகவே நடுத்தெருவில் ஓடுவதல்ல, நம் தூதரகத்தின் வாசலுக்குப் போய்ச் சேருவதே வழி. இதையும் நான் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன்.

அவரைக் காப்பாற்றியது என்னுடைய ஞானம் அல்ல. அவர் பெட்டியில் ஒரு பாமாலைப் புத்தகம் இருந்தது. எங்கள் சேகர அலுவலகத்தின் முத்திரை, தொலைபேசி எண்ணோடு, அதன் முதல் பக்கத்தில் குத்தப்பட்டிருந்தது. சபைப் புத்தகங்கள் காணாமற்போகின்றன என்று உபதேசியார் ஒருநாள் கோபத்தோடு எல்லாப் புத்தகங்களிலும் குத்திய முத்திரை அது! ஐந்தாவது மாதத்தில், பக்கத்து வீட்டில் வேலைசெய்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணின் கைப்பேசியை வாங்கி, குளியலறையில் நின்றுகொண்டு அந்த எண்ணுக்குப் பேசினார். அய்யரம்மா எடுத்தார்கள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான பேச்சு. எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. ஊரின் பெயர் தெரியாது. எஜமானரின் முழுப்பெயர் தெரியாது. "மாடியிலேர்ந்து பாத்தா பச்சைக் கும்மட்டம் வச்ச பள்ளிவாசல் தெரியும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த ராத்திரி நான் உறங்கவில்லை. ஜெபித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஜெபிக்க வாய் வரவில்லை. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை எடுத்து, அந்தச் சனிக்கிழமையின் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் தொடங்கி என்னென்ன செய்தோம் என்பதை நீட்டி எழுதவில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையத்தளத்தில் புகார் பதிந்தோம். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தோம். மஸ்கட்டின் ரூவிப் பகுதியில், சுல்தான் காபூஸ் கொடுத்த நிலத்தில் ஆலயங்கள் இருக்கின்றன. அங்கே வெள்ளிக்கிழமைகளில் கூடும் தமிழ்ச் சபையார் ஒருவரின் எண்ணை, அறிந்தவர் மூலம் பெற்றேன். அவர்தான், அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணின் எண்ணுக்குப் பேசி வீடு இருக்கும் தெருவைக் கண்டுபிடித்துத் தூதரகத்துக்குத் தெரிவித்தவர். எஜமானர் கேட்ட பணத்தைக் குறித்துப் பேசி முடிக்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. ஏழாவது மாதத்தில் சகோதரி ஒரு கைப்பையோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். மூன்று மாதச் சம்பளம் வராமலே போயிற்று. இங்கே இருந்த ஏஜெண்ட் வீட்டைக் காலி செய்திருந்தார்.

ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் அவர் என்னைக் குறைசொல்லவில்லை. ஆலய வாசலில் இறங்கும்போது மட்டும், "நான் அன்னைக்கு ஒன்னு கேட்டேன், ஞாபகம் இருக்காய்யா?" என்றார்.

அன்பானவர்களே, அவர் உள்ளத்தில் எழுந்த அந்தக் கேள்வியை ஆவியானவரின் எச்சரிப்பாகவே நான் இன்று எண்ணுகிறேன். அந்தச் சத்தத்தை அமர்த்திப்போட்டது ஏஜெண்ட் அல்ல. ஜெபம் என்ற பெயரில் நானே அமர்த்தினேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது விசுவாசத்தின் வார்த்தை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலிருக்க நான் அதை ஒரு திரையாகத் தொங்கவிட்டேன்.

அதற்குப் பிறகு ரூத்தின் புஸ்தகத்தை நான் வேறு கண்களோடு வாசிக்கிறேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் இருந்த அன்பையே நாம் அதில் எப்போதும் பேசுகிறோம். திருமண ஆராதனைகளில் நானே எத்தனையோ முறை அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ரூத் யார்? புருஷனை இழந்தவள், அந்நிய தேசத்தாள், கூலி நிச்சயமில்லாத வயல்வேலைக்குத் தனியே போகிற இளம்பெண். வேதாகமம் அவளுக்கு இருந்த ஆபத்தை மூடிமறைக்கவில்லை. போவாஸ் தன் வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாது என்று முன்னதாகவே கட்டளையிடுகிறான். வேறு வயலுக்குப் போகாமல் தன் பணிப்பெண்களோடேகூடவே இருக்கச் சொல்லுகிறான். அப்படிக் கட்டளையிடவேண்டிய அவசியம் அந்த வயல்களில் இருந்தது. நகோமியோ, முதல்நாள் சாயங்காலம் மருமகள் வாற்கோதுமையோடு வீடு திரும்பினவுடனே, எங்கே வேலைசெய்தாய் என்று விசாரிக்கிறாள். வயலின் சொந்தக்காரன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுகிறாள். பிறகு, அந்தப் பெண்களோடே போவதே நல்லது, வேறு வயலில் உனக்குத் தீங்கு நேரிடக்கூடும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறாள். கர்த்தருடைய செட்டைகளின் நிழல் என்று ஒருபுறம் பேசப்படுகிறது. யாருடைய வயல் என்ற விசாரணையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நான் நிழலைப் பிரசங்கித்தேன். வயலை விசாரிக்கவில்லை.

சிலர் எஸ்றாவைக் குறித்துக் கேட்பீர்கள். தேவனுடைய கரத்தைக் குறித்து ராஜாவிடம் சாட்சி சொல்லிவிட்ட பிறகு, வழிக்குச் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசம்பண்ணிப் புறப்பட்டான் அல்லவா என்பீர்கள். உண்மைதான், சுகமாகப் போயும் சேர்ந்தான். ஆனால் அதே ராஜாவிடத்தில் சில ஆண்டுகள் கழித்து நெகேமியா, நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் வாங்குகிறான். வனக்காவலனுக்கும் ஒன்று, தான் தங்கும் வீட்டுக்கு மரம் வேண்டும் என்பதுவரை எழுதி வாங்குகிறான். சேனாபதிகளும் குதிரைவீரரும் கூட வருகிறார்கள். அவனும் ஜெபித்தவன்தான், ராஜா கேட்ட கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையிலேயே ஜெபித்தவன். இருவரில் விசுவாசம் குறைந்தவன் யார் என்று வேதம் தீர்ப்புச் சொல்லவில்லை. எஸ்றா தன் சொந்த உயிரோடும் தன்னுடன் உபவாசித்த ஜனங்களோடும் அந்தத் தீர்மானத்தை எடுத்தான் என்பதை மட்டும் கவனியுங்கள். பிறர் வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டு, எஸ்றாவின் விசுவாசத்தை அவள் தலையில் சுமத்த எனக்கு அதிகாரமில்லை.

பெண்கள் தனியே வெளிநாடு போகவே கூடாது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். நம் ஆலயக் கூரையின் ஓடுகளில் பாதி அப்படிப் போன சகோதரிகளின் காணிக்கை. தாதியராகப் போய்த் தம்பிமாரைப் படிக்கவைத்தவர்களும், நல்ல எஜமானரிடத்தில் 20 ஆண்டு இருந்து மரியாதையோடு திரும்பினவர்களும் நம் பெஞ்சுகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடத்தில் நான் கேட்டுக் கற்றதில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

பாஸ்போர்ட் உங்களுடையதுகூட அல்ல. 1967-ஆம் ஆண்டின் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்த எஜமானரும் அதைப் பூட்டி வைக்க உரிமையில்லாதவர். குவைத்தில் 2015-இல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டம், பணியாளரின் சம்மதமின்றி அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. அதே சட்டம் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்கிறது. சம்மதமின்றி என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசிக்கத் தெரியாத அரபுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், அது அந்தச் சம்மதமாகவே இருக்கக்கூடும். சட்டம் இருப்பது வேறு, மூடிய கதவுக்குள்ளே அது நடப்பது வேறு என்பதையும் அறிவேன். ஆகையால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஊரில் இரண்டு இடத்தில் இருக்கட்டும். எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள்; முதலில் பறிபோவது அதுவே. மனப்பாடம் செய்யுங்கள், இல்லையேல் பாமாலையின் ஓரத்தில் எழுதுங்கள்.

வீட்டாரோடு ஒரு வார்த்தையை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளச் சொன்னார் குவைத்தில் பல ஆண்டு இருந்த ஒரு அம்மா. எஜமானி பக்கத்தில் நிற்கும்போது "கஷ்டப்படுகிறேன்" என்று சொல்ல முடியாது. அவர் தன் தாயோடு பேசி வைத்த வார்த்தை, "கருப்பட்டி அனுப்புங்க." தன் நல்ல காலத்தில் ஒருநாள், மெய்யாகவே கருப்பட்டிக்கு ஆசைப்பட்டு அதைச் சொல்லிவிட்டு, வீட்டையே கலங்கடித்தாராம்!

பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதின நிருபத்தின் கடைசியில், கெங்கிரேயாவிலிருந்து போகிற பெபேயாளை ஏற்றுக்கொண்டு, அவளுக்குத் தேவையானதில் உதவிசெய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறார். கடல் கடந்து போகிற ஒரு பெண்ணுக்காக, போய்ச்சேரும் ஊரின் சபைக்கு முன்னதாகவே எழுதப்பட்ட கடிதம் அது. நம் குருமனையில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பயண ஜெபத்துக்கு வருகிறவர்கள் விசாவையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவரும்படி கேட்கிறேன். அனுப்புகிறவர், எஜமானர், முகவரி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுகிறேன். அந்த ஊரில் தமிழ்ச் சபை இருந்தால் அன்றே கடிதம் எழுதுகிறேன். தாள்கள் சரியில்லாதபோது இரண்டு பேரிடம், அயலகத் தமிழர் நல ஆணையரகத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு ஜெபிப்போம் என்று சொன்னேன். அவர்களில் ஒருவர் என்மேல் வருத்தப்பட்டு வேறு சபைக்குப் போனார். அது எனக்குத் துக்கமே.

சென்ற மாதம் நம் சபைப் பிள்ளை ஒருத்தி, வயது 31, வேலைக்குப் போகிறேன் என்று தாயோடு குருமனைக்கு வந்திருந்தாள். அன்று அந்தச் சகோதரியும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு கடிதம் வாங்க, எங்கள் பழைய ஊரிலிருந்து வந்து அடுக்களையில் அய்யரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் திறந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் முன்னறைக்கு வந்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏர்போட்ல என்னன்னு சொல்லச் சொன்னாவம்மா?"